காதில் விழுந்த சர்வே

பல்கலைக்கழக வாசலில் பஸ்ஸை நிறுத்திய பிறகும் நான் கதவைத் திறக்கவில்லை.

காலை எட்டரை மணி பஸ். அதுதான் கடைசித் தரிப்பு. இருந்தும் நின்றும் ஒரு நாற்பது பிள்ளைகள். கையில் தொலைபேசி, காதில் வெள்ளைக் குமிழ், முதுகில் பை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஈரக் குடைகளின் மணமும் யாரோ பிரித்த முட்டை சான்ட்விச்சின் மணமும் கலந்து பஸ் முழுக்க நின்றது. காற்றுப் பிரேக் "புஸ்" என்று ஓய்ந்தது. நான் இருக்கையை விட்டு எழும்பிப் பிள்ளைகளைப் பார்த்து நின்றேன்.

"மன்னிக்கவேணும். உங்களில் யாராவது சர்வேயிங் படிக்கிறீர்களா?"

ஆங்கிலத்தில்தான் கேட்டேன். ஆனால் குரல், சின்ன வயதில் பேச்சுப்போட்டி மேடையில் நின்ற என் குரல். நாற்பது தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. பஸ் பழுதாகிவிட்டது என்று சிலர் நினைத்திருப்பார்கள். நடுவில் நின்ற ஒரு பையன், ஒரு நொடியும் வீணாக்காமல், தொலைபேசியை உயர்த்தி என்னைப் படம் பிடிக்கத் தொடங்கினான்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்காமல் விடவும் முடியாது. நான் செய்த ஒரு பிழையைத் திருத்த எனக்கு அந்த வெள்ளிக்கிழமை வரைதான் நேரம் இருந்தது.

முன் இருக்கை ரேடியோ

இந்தத் தொடரை முதலில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு நான் பஸ் ஓட்டுகிறவள் என்று தெரியும். இந்த வாரம் புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சிட்னியின் மேற்குப் பக்கம். ரயில் நிலையத்தில் இருந்து பல்கலைக்கழகம், பல்கலைக்கழகத்தில் இருந்து ரயில் நிலையம். பல வருடமாக இதே பாதை.

சாரதியின் முதுகுக்குக் காது உண்டு என்று பயணிகளுக்குத் தெரியாது. முன் இருக்கையில் இருப்பவர்கள் என்னை ஸ்டியரிங்கின் ஒரு பாகமாகவே நினைத்துக்கொள்வார்கள். காதல் முறிந்த கதை, வாடகை வீட்டில் எலி வந்த கதை, விரிவுரையாளர் நித்திரையாகிப்போன கதை, எல்லாம் என் பிடரிக்குப் பின்னால்தான் நடக்கும். எனக்கு ரேடியோ தேவைப்பட்டதில்லை.

என் மகள் ஆரபி பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் அந்த ரேடியோவுக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. எந்தப் பாடம் நல்லது, எந்தக் கட்டடத்தில் குளிர், எங்கே படித்தவனுக்கு வேலை கிடைத்தது என்று நான் தினமும் செய்தி கொண்டுவருவேன். வீட்டில் எனக்கு ஒரு தனி மரியாதை. குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டே அன்றைய செய்தியைத் தொடங்குவேன். ஆரபி மடிக்கணினியைத் திறந்துவைத்துக் குறித்துக்கொள்வாள்.

ஒரே பிள்ளை, இரண்டு யூனி

செய்தி சொல்ல நான் மட்டும் இல்லை. எங்கள் பகுதியான வென்ட்வேர்த்வில்லில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஆலோசனை சொல்ல அழைப்பிதழ் தேவையில்லை.

நேசன் அண்ணை எங்கள் குடும்ப நண்பர். அவர் உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசையை அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தார். அதை மேசையில் விரித்து, ஒரு ஜெனரலைப்போல விரலை ஓட்டினார்.

"இஞ்ச பார் பிள்ளை. மேல இருக்கிறது நல்லது. கீழ இருக்கிறது கூடாது. இவ்வளவும்தான் விசயம்."

ஆரபி பணிவாகக் கேட்டாள். "இதை எதை வைச்சு போடுறவை அங்கிள்?"

"எல்லாத்தையும் வைச்சுத்தான்."

"அங்க படிக்கிற ஸ்டூடன்ஸிட்டக் கேட்டவையே?"

"ஸ்டூடன்ஸுக்கு என்ன தெரியும்?" என்றார் அண்ணை. ஆரபி எதையோ தட்டச்சு செய்தாள்.

என் கணவர் தவத்துக்குக் கடதாசியில்தான் நம்பிக்கை. அவர் அச்சகத்தில் வேலை. ஒருநாள் வேலை முடிந்து இரண்டு பல்கலைக்கழகங்களின் கையேடுகளோடு வந்தார். தாளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "தடிச்ச பேப்பர், நல்ல மை" என்று இரண்டுக்கும் நற்சான்று கொடுத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

இரண்டு அட்டையிலும் ஒரே பெண்பிள்ளை. புல்வெளியில் இருந்து, மடியில் புத்தகத்தோடு, வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒன்றில் இடப்பக்கம் பார்க்கிறாள், மற்றதில் வலப்பக்கம். படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

"கெட்டிக்காரப் பிள்ளை," என்றார் தவம். "ஒரே நேரத்தில ரெண்டு யூனியில படிக்குது."

நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி ஆறிப்போனது.

வேலிச் சண்டை

ஆரபிக்கு உண்மையில் என்ன படிக்க விருப்பம் என்று கேட்டவர்கள் குறைவு. "விருப்பமா" என்று முதலில் கேட்டது எங்கள் தெருக்கோடியில் வேலை செய்த ஒரு மனிதர்.

அங்கே ஒரு பழைய வீட்டை இடித்து மாடிவீடுகள் கட்டினார்கள். மஞ்சள் முக்காலியின்மேல் ஒரு கருவியை வைத்துக் கண்ணைப் பொருத்திக்கொண்டு, காணி அளக்கிற ஒருவர் நிற்பார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற ஆரபி ஒவ்வொரு நாளும் நின்று பார்ப்பாள். ஒருநாள் அவர், "பார்க்க விருப்பமா?" என்று கேட்டு விலகி நின்றாராம். தெருவின் மறுமுனையில் இருந்த ஒரு ஆணியின் தலை அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றதாம். அன்று சாப்பாட்டு மேசையில் அவள் பேசிய பேச்சு முழுக்க அந்த ஆணியைப் பற்றித்தான்.

பிறகு புவியியல் வகுப்பில் சிட்னித் துறைமுகத்தின் அடித்தளப் படத்தைக் காட்டினார்களாம். தண்ணீருக்கு அடியில் பள்ளம், மேடு, மூழ்கிய கப்பல், எல்லாம் அளந்து வரைந்த படம். "கடலுக்குக் கீழ இருக்கிறதையும் அளக்கலாம் அம்மா," என்று சொல்லிவிட்டு, தன் விருப்பப் பட்டியலில் முதலாவதாக நில அளவை, அதாவது சர்வேயிங், என்று போட்டாள். என் பஸ் போகிற அதே பல்கலைக்கழகத்தில்.

நேசன் அண்ணை அதிர்ந்துபோனார். "என்ன, சேவையர் வேலையோ? ஊரில வேலிச் சண்டைக்கு வாற ஆள்! நாலு பேரிட்டப் பேச்சு வாங்கி, ரெண்டு பக்கமும் பகை."

எனக்கும் உள்ளுக்குள் உவப்பில்லை. வாய்திறக்கவில்லை, அவ்வளவுதான். மகள் பிசியோதெரபி படித்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, ஏசி அறைக்குள் இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. இதை ஏன் இப்போது ஒப்புக்கொள்கிறேன் என்றால், அடுத்து நடந்ததற்கும் அந்த ஆசைக்கும் தொடர்பு உண்டு.

ஒரு பிற்பகல் பஸ். முன் இருக்கையில் இரண்டு நெட்டைப் பையன்கள்.

"இந்தச் சர்வே என்னைக் கொல்லுது," என்றான் ஒருவன். "நாள் முழுக்க வெயிலில நிக்கவேணும். ஒருத்தரும் ஒண்டும் சொல்லித் தரமாட்டினம். போய் நீயே செய் எண்டு விட்டிடுவினம்."

"நான் விடப்போறன்," என்றான் மற்றவன். "இதை எடுத்தது என்ர வாழ்க்கையிலேயே பெரிய பிழை."

அவர்கள் பேசியது ஆங்கிலம். என் தமிழில் எழுதுகிறேன். கேட்டபோது எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க விரும்பவில்லை. சிவப்பு விளக்கில் நிறுத்திய பஸ்ஸை, பச்சை விழுந்தபிறகும் எடுக்காமல் இருந்துவிட்டேன். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்ற முதலே சொன்னேன். "பிள்ளை, அந்த சர்வேயிங் வேண்டாம். அங்க படிக்கிற பெடியள் விட்டிட்டு ஓடுறாங்கள்."

"ஆர் சொன்னது?"

"ரெண்டு பேர். என்ர காதால நேரில கேட்டனான்."

அவள் மடிக்கணினியைத் திறந்து அதைக் குறித்துக்கொண்டாள். "சரி அம்மா," என்றாள். வாதாடவில்லை. வாதாடியிருக்கலாம்.

மெத்தை வைத்த சாரதி

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லாமல் போகமுடியாது.

நான் பஸ் சாரதியாக வரவேண்டும் என்று நினைத்துப் பல வருடம் வராமல் இருந்தேன். காரணம், தெரிந்த ஒருவர் சொன்ன ஒரு வசனம்: "உயரம் காணாது எண்டு உங்களை எடுக்கமாட்டினம்." அவர் பஸ் ஓட்டினவர் இல்லை. பஸ் ஓட்டினவரைத் தெரிந்தவரும் இல்லை. ஆனால் சொன்ன விதத்தில் ஒரு அதிகாரம் இருந்தது. நான் நம்பி, கேக் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி மடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒருநாள் வேலைக்குப் போக ஏறிய பஸ்ஸில் சாரதி ஒரு பெண். என்னைவிடக் கட்டை. ஒரு பூப்போட்ட மெத்தையின்மேல் இருந்து, ராணிபோல ஓட்டுகிறா. நான் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசித் தரிப்புவரை போய், அந்த மனிசியிடம் எல்லாவற்றையும் கேட்டேன். இருக்கையை உயர்த்தலாம், பயிற்சியை அவர்களே தருவார்கள், காலையில் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கக்கூடாது. இந்த மூன்றாவது தகவலை எந்தக் கையேட்டிலும் போட்டிருக்கமாட்டார்கள்.

ஒரு வேலையைப் பற்றி அதைச் செய்கிற ஆளிடம் போய்க் கேட்டு வாழ்க்கையை மாற்றிக்கொண்டவள் நான். அப்படிப்பட்டவள் தன் மகள் விசயத்தில் பிடரிக்குப் பின்னால் விழுந்த நாலு வசனத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஐந்துக்கு ஐந்து

இரண்டு கிழமை கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, அதே நெட்டைப் பையன்கள் ஏறினார்கள்.

"நேற்று ஷொப்பிங் சென்டர் வாசலில ஒரு கிழவியை மறிச்சு, 'என்ன ஷாம்பு பாவிக்கிறீங்கள்?' எண்டு கேட்டன்," என்றான் ஒருவன். "'போடா, நான் தொப்பி போட்டிருக்கிறது தெரியேல்லையோ' எண்டு சொல்லிப்போட்டுப் போறா. இன்னும் அறுபது பேரிட்டக் கேக்கவேணும்."

நான் கண்ணாடியில் அவர்களைத் திரும்பவும் பார்த்தேன்.

ஷாம்பு. காணியிடம் யாரும் ஷாம்பு பற்றிக் கேட்பதில்லை. இவர்கள் படிப்பது சந்தைப்படுத்தல். இவர்கள் சொன்ன சர்வே, ஆட்களை மறித்துக் கருத்துக் கேட்கிற சர்வே. நில அளவைக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு விருப்பமான செய்தியாக இருந்தபடியால் நான் மற்றச் சொற்களைக் கேட்கவே இல்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனேன். ஆரபி குளித்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய மடிக்கணினி சாப்பாட்டு மேசையில் திறந்தபடி இருந்தது. பார்த்திருக்கக்கூடாது. பார்த்தேன்.

அவள் கேட்ட எல்லாத் தகவலையும் ஒரு அட்டவணையில் போட்டு வைத்திருந்தாள். என்ன தகவல், யார் சொன்னது, அவர் அங்கே படித்தவரா, எப்போது படித்தவர். கடைசிக் கட்டத்தில் நம்பிக்கைக்கு ஐந்தில் எத்தனை புள்ளி. கையேடுகளுக்கு ஒன்று. நேசன் அங்கிளின் தரவரிசைக்கு ஒன்று. இணையத்தில் முகம் தெரியாதவர்கள் எழுதியவற்றுக்கு இரண்டு. பள்ளிக்கூடத்தில் தொழில் வழிகாட்டும் ரீச்சருக்கு மூன்று.

அம்மா: ஐந்து.

நான் பஸ்ஸில் கேட்டுவந்த ஒவ்வொன்றுக்கும் ஐந்து. "சர்வேயிங் கூடாது, பெடியள் விடுகிறார்கள்" என்பதற்கும் ஐந்து. விருப்பப் பட்டியலில் நில அளவை முதலாம் இடத்தில் இருந்து நாலாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. முதலாம் இடத்தில், நான் பஸ்ஸில் கேட்டுவந்து புகழ்ந்த பிசியோதெரபி.

பள்ளிக்கூடத்தின் சிபாரிசோடு, இறுதிப் பரீட்சைக்கு முன்பே இடம் தருகிற ஒரு வழி இங்கே உண்டு. அதற்கு விருப்பங்களை மாற்றக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை.

உடனே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சனிக்கிழமை இந்தியக் கடைகள் இருக்கிற ஹரிஸ் பார்க்குக்குப் போய் அவளுக்குப் பிடித்த பால் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிவந்தேன். "என்ன விசேசம்?" என்று கேட்டாள். "சும்மா," என்றேன். ஞாயிறும் அப்படியே போனது. பிழை என்று சொல்வதற்கு முதல், சரி என்ன என்று தெரிந்துகொண்டால் கொஞ்சம் முகம் கொடுக்கலாமே என்று ஒரு கள்ள யோசனை.

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமைக் காலை, கதவைத் திறக்காமல், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றேன்.

மஞ்சள் கால்

முதலில் கை தூக்கியது, ஷாம்புக் கதை சொன்ன அந்த நெட்டைப் பையன்தான்.

"நாங்கள் சர்வே செய்யிறனாங்கள்! நீங்கள் என்ன ஷாம்பு பாவிக்கிறீங்கள்?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். "அறுபதில் ஒன்று குறைத்துக்கொள்," என்று என் ஷாம்புவின் பெயரையும் சொன்னேன். அவன் உண்மையாகவே குறித்துக்கொண்டான்.

பின் இருக்கையில் இருந்து ஒரு பெண்பிள்ளை சத்தமாகச் சொன்னாள். "மஞ்சள் கால் வைச்ச ஆக்களைத்தானே கேக்கிறீங்கள்? செவ்வாயும் வியாழனும் பின்பக்க மைதானத்தில நிப்பினம். உங்கட பஸ்ஸிலயும் வாறவை."

நன்றி சொல்லிக் கதவைத் திறந்தேன். இறங்கும்போது சிலர் எனக்குக் கைகூடத் தட்டினார்கள். நடுவில் நின்ற பையன் எடுத்த படம் மத்தியானத்துக்குள் எங்கள் டிப்போவுக்கு வந்துவிட்டது. "கலா, நீ பஸ் ஓட்டுறியா, ஆள் எடுக்கிறியா?" என்று மேலாளர் கேட்டார். அதோடு விட்டார். நல்ல மனிதர்.

அன்று பின்னேரம் ஆரபியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷாம்பு, கிழவி, தொப்பி, எல்லாம். முதலில் அவள் கதிரையில் இருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"பிசியோ நல்லது எண்டு சொன்னீங்களே, அதுவும் பஸ்ஸிலயா?"

"ஓம்."

"அவையும் பிசியோ தானா, இல்லாட்டி வேற என்னவுமா?"

"தெரியேல்லை பிள்ளை."

"அம்மா, ஐ ட்ரஸ்டட் யூ," என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தவம் எழும்பி, தேவையில்லாமல், கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவினார்.

"எனக்கு அது பிடிக்கேல்லை," என்றேன். "வெயிலுக்குள்ள நீ நிக்கிறது. அதுதான், அவங்கள் சொன்னதும் உடன நம்பிப்போட்டன். விசாரிச்சிருக்கவேணும். பிழை விட்டிட்டன்."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, என் பெயருக்கு நேரே இருந்த ஐந்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். ஒன்று போடப்போகிறாள் என்று நினைத்தேன். மூன்று போட்டாள்.

"மூண்டா?"

"வந்து சொன்னீங்கள் தானே. அதுக்கு ரெண்டு."

மைதானத்தில் மக்பை

செவ்வாய்க்கிழமை நீளப் பையோடும் சேறு பிடித்த சப்பாத்தோடும் ஒரு பெண்பிள்ளை ஏறினாள். அந்தப் பையை நான் முன்பும் கண்டிருக்கிறேன். கிரிக்கெட் சாமான் என்று நினைத்து, "பாதையில வைக்காதே" என்று ஒருமுறை அதட்டியும் இருக்கிறேன். பெயர் நூர். நில அளவை, மூன்றாம் வருடம். விசயத்தைச் சொன்னதும், "வியாழக்கிழமை மகளைக் கூட்டிவாங்கோ. வந்து பார்க்கட்டும், எங்கட வாயால கேக்கிறதைவிட அது நல்லது," என்றாள்.

வியாழன் எனக்கு இரண்டு ஷிஃப்ட்டுக்கு இடையில் மூன்று மணிநேரம் ஓய்வு. ஆரபியைப் பள்ளிக்கூட வாசலில் என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், நாலைந்து மஞ்சள் முக்காலி. வசந்தகாலம் என்றபடியால் மரத்தில் மக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று கூடு கட்டி, கீழே வருகிற எல்லோரையும் கொத்தத் துரத்திக்கொண்டு இருந்தது. அளவுகோல் பிடிக்கிற பையன் தலையில் ஐஸ்கிரீம் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, கோலை மட்டும் ஆடாமல் பிடித்து நின்றான். ஆரபி அதைப் பார்த்துச் சிரித்தாள். பத்து நிமிடத்தில் அவள் தலையிலும் ஒரு வாளி. அவள் கையிலும் ஒரு கோல்.

நான் தள்ளி ஒரு வாங்கில் இருந்தேன். பேச்சில் தலையிடக்கூடாது என்று வரும் வழியிலேயே உத்தரவு.

நூர் ஒன்றையும் பூசி மெழுகவில்லை. இரண்டாம் வருடத்துக் கணக்கு கொல்லும், அவளோடு தொடங்கிய ஆறுபேர் விட்டுவிட்டார்கள். வகுப்பில் பெண்கள் மூன்றுபேர்தான். விடுமுறையில் வேலைப் பயிற்சிக்குப் போனால் காலை ஐந்துக்கு எழும்பவேண்டும், கழிப்பறை தூரத்தில் இருக்கும். கருவியைச் சரியாக நிறுத்தி முதல் முறை அளவு பொருந்தி வந்தபோது அழுதுவிட்டாளாம்.

"உனக்கு இதில எது விருப்பம்?" என்று நூர் கேட்டாள்.

"கடலடி. துறைமுகத்தை அளக்கிறது," என்றாள் ஆரபி.

நூர் முக்காலியின் திருகாணியைத் திருகிக்கொண்டே யோசித்தாள். "அப்படியெண்டால் இஞ்ச வராதே. எங்களிட்டக் கடலளவைப் பாடம் இந்த வருசத்தோட நிக்குது. அதைப் படிப்பிச்சவர் போயிட்டார். இணையத்தில இன்னும் இருக்குது, ஒருத்தரும் அழிக்கேல்லை. நகரத்துப் பக்கம் இருக்கிற மற்ற யூனியில விசாரி. அங்க ஒரு படகே இருக்குதாம். நான் பார்க்கேல்லை. கேள்விப்பட்டதுதான்."

வாங்கில் இருந்த எனக்கு எழும்பிப்போய் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல் இருந்தது. தன் இடத்தைத் தானே வேண்டாம் என்று சொல்கிறாள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் சொல்கிறாள். எந்தக் கையேட்டில் இந்த இரண்டும் வரும்?

வெள்ளிக்கிழமை

மறுநாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்ததும் ஆரபி இரண்டு தொலைபேசி அழைப்புகள் எடுத்தாள். முதல் பல்கலைக்கழகத்தின் அலுவலகத்தில் ஒருவர், கொஞ்சம் தயங்கி, ஓம், அந்தப் பாடம் நிற்கிறது என்றார். மற்றப் பல்கலைக்கழகத்தில், பாடம் இருக்கிறது, மூன்றாம் வருடத்தில் வரும் என்றார்கள்.

"படகு இருக்குதா?" என்று கேட்டாள் ஆரபி.

மறுமுனையில் இருந்தவர் சிரித்தது எங்களுக்கும் கேட்டது. இருக்கிறதாம். சின்னப் படகு. பல நேரம் பழுது.

"பழுது எண்டும் சொல்லுறாங்கள்," என்றார் தவம் மதிப்போடு.

ஆரபி பட்டியலைத் திறந்து, நகரத்துப் பல்கலைக்கழகத்தின் நில அளவையை முதலாம் இடத்துக்குக் கொண்டுவந்தாள். என் பஸ் போகாத இடம். காலையில் அவளை என் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிற கனவு ஒன்று எனக்கு இருந்தது. அதை அன்று நான் வெளியில் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

விரல் பொத்தான்மேல் இருக்க, அவள் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

என் வாயில் பத்து வசனம் வந்து முட்டியது. விழுங்கிவிட்டேன்.

"எனக்கு அதைப் பற்றி ஒண்டும் தெரியாது பிள்ளை," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். தவம் மீதமிருந்த பால் இனிப்பை எடுத்துவந்தார்.

திறந்த நாள்

இடம் கிடைத்தது. நேசன் அண்ணை தன் தரவரிசையில் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தேடிப் பார்த்து, "பரவாயில்லை, மேலதான் இருக்குது," என்று ஆசீர்வதித்தார். முதல் பருவத்தில் ஆரபி கணக்கில் தடுமாறி, இரண்டு கிழமை யாரோடும் சரியாகப் பேசாமல் திரிந்தாள். பிறகு நூரிடம் தொலைபேசியில் கேட்டுக்கேட்டு எப்படியோ கரையேறினாள். மூக்கின் தோல் உரிந்துவிட்டது. சாப்பாடு இரண்டு மடங்கு.

அடுத்த குளிர்காலம் முடிகிற சமயம், அவளுடைய பல்கலைக்கழகத்தில் திறந்த நாள் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் வந்து பார்க்கிற நாள். செம்மஞ்சள் மேலாடை போட்டு, முக்காலிக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்கிற வேலை ஆரபிக்கு. நானும் தவமும் தூரத்தில் நின்று பார்க்கப் போனோம்.

எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா வந்து நின்றா. சென்னைப் பக்கத்துத் தமிழ். கையில் ஒரு பை நிறையக் கையேடு. அவருடைய மகன் ஏற்கெனவே வரிசையில் நின்று, கருவிக்குள் கண்ணை விட்டுக்கொண்டு இருந்தான்.

"அந்த ஆரஞ்சு டீ-ஷர்ட் உங்க பொண்ணாங்க?"

"ஓம், என்ர மகள்தான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க நம்ம ஆளு, உண்மையைச் சொல்லுங்க. இந்தக் கோர்ஸ் நல்லா இருக்குமா? இவன் ஒரே பிடிவாதமா நிக்கிறான். எனக்கு யாரை நம்புறதுன்னே தெரியலை."

அவர் கண்ணில் இருந்த கவலையை எனக்கு நன்றாகத் தெரியும். தவம் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு வருடமாக வீட்டில் கேட்டதை எல்லாம் கோர்த்து, அரை மணிநேரம் பேச என்னிடம் விசயம் இருந்தது.

"அவளிட்டப் போய்க் கேளுங்கோ அம்மா," என்றேன். "அவள் படிக்கிறாள். நான் பஸ் ஓட்டுறனான்."